இணக்க நிலை

விபத்து நடந்து பத்தாம் நாள் செண்பகவல்லியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் குழுத் தலைவர் பேராசிரியர் ஹெப்சிபா. இந்தப் பக்கம் அவள் ஒருத்திதான்.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. பிறவியிலேயே காது கேட்காது. அவள் போட்டிருந்த கண்ணாடி, எதிரே இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் கீழ்விளிம்பில் ஓட்டிக் காட்டும். அவள் சைகை மொழியில் பேசுவதை இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள் படித்துக்கொள்ள, கழுத்தில் தொங்கும் சின்ன வில்லை அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லும். துணைக்குரல் என்று அதற்குப் பெயர். இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகம் காது கேளாத மாணவர்கள் எல்லாருக்கும் அதை வாங்கிக் கொடுத்திருந்தது.

"அன்னைக்கு ஆய்வகத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க," என்று கண்ணாடியில் எழுத்து ஓடியது.

செண்பகம் சொன்னாள். அவளும் ஜெசிந்தாவும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்றார்கள். முதல் வருடத்திலிருந்தே ஆய்வகத்தில் இருவரும் ஜோடி. ஜெசிந்தா எளிதில் தீப்பற்றும் ஈதர் பாட்டிலைத் திறந்து புனலில் ஊற்றக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்திலேயே, சோதனைக்குழாய்த் தாங்கிக்குப் பின்னால், முந்தைய வகுப்புக்காரர்கள் அணைக்காமல் விட்டுப்போன பர்னர் ஒன்று நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. செண்பகத்துக்குத் தெரிந்தது. சொன்னாள். தொண்டையாலும் கத்தினாள். ஆனால் இரண்டு வருடமாக வில்லையின் குரலையே கேட்டுப் பழகிய வகுப்பு, அவள் தொண்டையிலிருந்து வரும் சத்தத்தைப் பொருட்படுத்துவதை எப்போதோ விட்டிருந்தது. அவள் மேசையைச் சுற்றி ஓடுவதற்குள் தீ ஜெசிந்தாவின் வலது கையைப் பிடித்துவிட்டது.

ஹெப்சிபா ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு வில்லை பேசியவற்றின் பதிவு. நிமிடமும் நொடியுமாக அச்சிட்டிருந்தது. ஒரு வரிக்குக் கீழே யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள்.

"ஜெசி, கொஞ்சம் நிறுத்தினா நல்லா இருக்கும். முடிஞ்சா கையை எடுத்துட்டு அந்தப் பக்கம் நகர்ந்துக்கறியா?"

செண்பகம் இரண்டு தடவை படித்தாள். அடுத்த வரியில் ஜெசிந்தாவின் பதில் இருந்தது. "இதை ஊத்திட்டு நகர்றேன்."

"இவ்வளவு பெரிய ஆபத்தை ஏன் இப்படி நிதானமா சொன்னீங்க?" என்று கேட்டார் ஹெப்சிபா. "அந்த வாரம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மனஸ்தாபம் இருந்ததா வகுப்புல சொல்றாங்க. அதனாலதான் கேக்குறேன்."

செண்பகம் தாளைத் தள்ளினாள். கைகள் தாமாகவே எழுந்தன. "நான் இப்படிச் சொல்லல. நிறுத்துன்னு சொன்னேன். கையை எடுன்னு சொன்னேன். ஓடுன்னு சொன்னேன். இந்தத் தாள் பொய்." பொய் என்ற சைகையை மேசை அதிரும்படி காட்டினாள்.

எதிரே ஐந்து பேரும் மெல்லத் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணில் இரக்கம் தெரிந்தது. "பரவாயில்லம்மா," என்றார் ஹெப்சிபா. "இதை மனசுல வச்சுக்கறோம்."

பொய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவளைப் பார்த்து எதற்கு இரக்கப்படுகிறார்கள்? படியிறங்கி வரும்போது அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் விசாரணைக் குறிப்பின் நகல் விடுதிக்கு வந்தது. கடைசி வரியைப் படித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாணவி தமது கவனக்குறைவுக்கு வருத்தம் தெரிவித்தார்."

*

அதுவரை அவளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது மனிதர்கள்மேல் இருந்தது.

முதல் வருடம் இந்தக் கருவி கிடையாது. சற்குணம் என்ற பெண்மணி சைகை மொழிபெயர்ப்பாளராக இருந்தார். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் ஒருவர். வாரத்தில் ஆறு மணி நேரம்தான் செண்பகத்தின் வகுப்புக்கு வர முடியும். மற்ற நேரமெல்லாம் கரும்பலகையைப் பார்த்து ஊகிப்பதுதான் படிப்பு. அந்த வருடக் கடைசியில் துணைக்குரல் வந்தது. மாற்றுத் திறனாளிகளுக்காக உள்ளடக்க மையம் என்று ஒரு அலுவலகம் திறந்து, "தடையில்லா வளாகம்" என்று செண்பகத்தின் படத்தைப் போட்டு வாசலில் பேனர் வைத்தார்கள். சற்குணத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆரம்பத்தில் சில மாதம் ஒன்றிரண்டு சண்டைகள் வந்தன. பிறகு எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள்.

கேண்டீனில் வரிசையைத் தாண்டிப் போனாலும் "பரவாயில்ல, நீங்க முதல்ல வாங்கிக்குங்க" என்று கண்ணாடியில் வரும். வகுப்பில் அவள் ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டாலும் "நல்ல கேள்வி" என்று வரும். எழுத்து இனிக்க, சொல்கிறவரின் தாடை மட்டும் இறுகியிருக்கும். புன்னகைக்கு முன்னால் ஒரு நொடி முகத்தில் வேறு ஏதோ வந்து போகும். காது கேட்காதவர்கள் முகத்தைப் படித்தே வளர்ந்தவர்கள். இவர்கள் நடிக்கிறார்கள், ஊனமுள்ளவளிடம் நல்லவிதமாக நடந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

ஜெசிந்தாவைப் பற்றியும் அப்படித்தான். விபத்துக்கு மூன்று நாள் முன்பு, ஆய்வறிக்கையில் யார் பெயர் முதலில் வருவது என்று பேச்சு வந்தது. பாதிக்கு மேல் வேலை தன்னுடையது, தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று செண்பகம் அடித்துச் சொன்னாள். "சரி செண்பகம், அப்படியே செஞ்சிடலாம்," என்று கண்ணாடியில் வந்தது. மறுநாள் பார்த்தால் அறிக்கையில் ஜெசிந்தா பெயர் முதலில். வாயால் சரி சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் மாற்றிவிட்டாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பில் சொன்ன மனஸ்தாபம் அதுதான்.

இப்போது அந்த விசாரணைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதல் தடவையாகத் தன் கழுத்திலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

*

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெசிந்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. பக்கத்தில் அவள் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வந்து பத்து நாளாக அங்கேயே இருக்கிறார்.

செண்பகத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பியபடியே ஏதோ சொன்னாள்.

"நீ வந்தது சந்தோஷம்," என்று கண்ணாடி காட்டியது.

அம்மா எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் நீர். கையை வாசலை நோக்கி நீட்டி வேகமாகப் பேசினார். வாய் நெடுநேரம் அசைந்தது. கண்ணாடியில் வந்தது ஒரே வரி.

"நேரமாகுதும்மா, பத்திரமா போயிட்டு வா."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகத்துக்கு இனி சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதப் போனாள். அந்த அம்மா நோட்டைத் தட்டிவிட்டார். குனிந்து பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் செக்யூரிட்டி ஏதோ சொன்னார். கண்ணாடியில் "நன்றி, மீண்டும் வருக" என்று ஓடியது. அதையும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

*

பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் சற்குணம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வேலை போனபிறகு செண்பகம் அங்கே போனது இரண்டே தடவை. போகக் கூச்சமாக இருந்தது. அவர் வேலையைப் பறித்த கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எப்படிப் போய் நிற்பது? இப்போது போனாள். நடந்ததைச் சொன்னாள். சற்குணம் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இப்ப எனக்கு எதிரா கெட்டதா ஏதாவது சொல்லு," என்று சைகையில் சொன்னார். "உன் கழுத்துப் பெட்டி என்ன பேசுதுன்னு நான் உனக்குச் சொல்றேன்."

செண்பகம் யோசித்துவிட்டு, "உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல," என்றாள்.

சற்குணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றது. "அக்கா, உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு. இதான் சொல்லுச்சு."

"இப்ப நீங்க."

"மனசுல வச்சுக்காத," என்று சைகை காட்டிவிட்டுச் சற்குணம் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். கண்ணாடியில், "இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் வர்றீங்களா?" என்று வந்தது. "நான் சொன்னது என்ன தெரியுமா? 'செவிட்டு மூதேவி, கடைப் பக்கம் தலை காட்டாதே.'"

செண்பகம் எழுந்து நின்றாள். அன்று ஆய்வகத்தில் நின்றதுபோலவே நின்று, அதே வேகத்தில் கைகளை வீசினாள். நிறுத்து. கையை எடு. ஓடு. சற்குணம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"முதல்ல மூணு, நாலு நொடி ஒண்ணும் பேசல," என்றார். "யோசிக்குது. அப்புறம், 'அக்கா, முடிஞ்சா கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கறீங்களா'ன்னு கேக்குது. செண்பகம், குரல் எப்படி இருக்கு தெரியுமா? புள்ளையைத் தாலாட்டுற மாதிரி இருக்கு."

செண்பகம் மெதுவாக உட்கார்ந்தாள். அறிக்கையில் பெயர் போட்ட விஷயம் நினைவுக்கு வந்தது. தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று அவள் சண்டை போட்டபோது, இந்தப் பெட்டி ஜெசிந்தாவிடம் என்ன சொல்லியிருக்கும்? உன் பேரே முதல்ல வரட்டும் என்றுதான் சொல்லியிருக்கும். அவளும் அப்படியே போட்டிருப்பாள். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாயிற்று. இரண்டு வருடம் தான் பேசியதில் ஒரு வார்த்தையாவது யாருக்காவது போய்ச் சேர்ந்ததா?

*

உள்ளடக்க மையத்தின் இயக்குநர் பேராசிரியர் திரவியம் இருவரையும் உட்காரச் சொன்னார். செண்பகம் கண்ணாடியையும் வில்லையையும் கழற்றிப் பையில் போட்டிருந்தாள். சற்குணம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைச் சைகையிலும், அவள் சைகையைப் பேச்சிலும் சொன்னார்.

திரவியம் மறுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"இணக்க நிலைன்னு அதுக்குப் பேரு," என்றார். "முதல் ஆறு மாசம் கருவி உள்ளதை உள்ளபடிதான் சொல்லுச்சு. என்ன ஆச்சு தெரியுமா? உங்க மொழியில ஒரு ஆளை அடையாளம் சொல்லணும்னா குண்டுன்னோ வழுக்கைன்னோ காட்டுவீங்க. உங்களுக்குள்ள அது தப்பில்ல. பெட்டி அதை நாலு பேர் முன்னாடி சத்தமா சொல்லும். கேக்குறவங்க முகம் சுண்டிப்போகும். அவங்க சைடுலயும் அப்படித்தான். பின்பெஞ்சுல யாரோ ஊமைன்னு முணுமுணுத்ததைக் கண்ணாடியில படிச்சுட்டு, ஒரு பொண்ணு அன்னைக்கே மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குப் போயிட்டா. படிப்பே போச்சு. எங்களுக்குப் புகார்மேல புகார். கம்பெனிக்காரங்க இந்த நிலையைப் போட்டுப் பாருங்கன்னாங்க. போட்டோம். அதுக்கப்புறம் ஒருத்தர்கூடப் படிப்பை விடல. ஒரு சண்டை இல்ல."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று கேட்டாள் செண்பகம்.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கு. பதினோராவது பத்தி." பிறகு குரலைத் தணித்திருக்க வேண்டும், தோள் தணிந்தது. "செண்பகவல்லி, நான் கெட்ட எண்ணத்துல செய்யல. எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. இந்த ரெண்டு வருஷத்துல உங்ககிட்டேருந்து ஒரு புகார் வந்ததில்ல."

"மூணு தடவை புகார் சொல்லியிருக்கேன்," என்றாள் செண்பகம். "அபாய மணி அடிச்சா எங்களுக்குத் தெரியாது, ஆய்வகத்துல சிவப்பு விளக்கு போடுங்கன்னு. இதே மேசைக்கு முன்னாடி நின்னு சொன்னேன்."

திரவியம் கணினிப் பக்கம் திரும்பித் தேடினார். திரையில் கண் ஓட ஓட அவர் முகத்தில் இருந்த பொறுமை கரைந்தது. வாய்விட்டுப் படித்தார். சற்குணம் அதைச் சைகையில் சொன்னார்: "'ஆய்வகத்தில் எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். அபாய மணி வைத்திருப்பதற்கு நன்றி.' மூணு தேதியிலயும் இதுதான் இருக்காம்."

திரவியம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விளக்கு அடுத்த வாரம் வந்துடும்," என்றார். "ஆனா ஒண்ணு யோசிங்க. இது வெளிய போனா மேலிடத்துல கருவியையே நிறுத்திடுவாங்க. திரும்பவும் முப்பத்திரண்டு பேருக்கு ஒரு ஆள். உங்க ஒருத்தர் கோபத்துக்காக மத்த முப்பத்தோரு பேர் படிப்பு போகணுமா?" சற்குணத்தை ஒரு பார்வை பார்த்தார். "இந்தம்மாவுக்கு அதுல ஆதாயம் இருக்கு. போன வேலை திரும்பக் கிடைக்கும். அவங்க சொல்றதை நம்பி நீங்க இறங்க வேண்டாம்."

சற்குணத்தின் கைகள் ஒரு கணம் மடியில் கிடந்தன. செண்பகம் அந்தக் கைகளையே பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் இவரையும் சந்தேகப்பட்டாள். ஜெராக்ஸ் கடையில் வில்லை பேசியதாக இவர் சொன்னதெல்லாம் உண்மைதானா? இவர் சொல்லித்தானே தெரியும்?

பிறகு கைகள் எழுந்தன. தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு சொல் குறையாமல், வேலை, ஆதாயம், நம்ப வேண்டாம் என்பது உட்படச் சற்குணம் அப்படியே சொல்லி முடித்தார். முகம் சிவந்திருந்தது.

செண்பகம் எழுந்தாள். "மத்த முப்பத்தோரு பேரையும் கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

சற்குணம் ஒருவர் சாட்சி சொன்னால் குழு நம்பாது. வேலை போன கோபத்தில் சொல்கிறார் என்பார்கள். அது செண்பகத்துக்குப் புரிந்திருந்தது. ஆய்வகத்தில் கேமரா இருந்தது. படம் மட்டும், சத்தம் கிடையாது. குழு அதைப் பார்த்துவிட்டு, ஒருத்தி கையை ஆட்டுகிறாள் என்பதற்குமேல் ஒன்றும் விளங்காமல் மூடி வைத்திருந்தது.

இரண்டாவது விசாரணையன்று செண்பகம் வில்லையும் கண்ணாடியும் இல்லாமல் போனாள். கூடவே காது கேளாத மாணவர்கள் ஐந்து பேரைக் கூட்டிப்போனாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறை. அறைக்குள் நுழைந்ததும் நேரே வெள்ளைப் பலகைக்குப் போய் எழுதினாள். சைகையில் யோசிக்கிறவளுக்கு எழுத்துத் தமிழ் எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வேற்றுமை உருபுகள் கைவிட்டுப் போகும். இதுவரை அந்த வெட்கத்தில் பலகைப் பக்கமே போனதில்லை. இன்று எழுதினாள்.

"கேமரா படம் போடுங்கள். இவர்கள் ஒவ்வொருவர் தனியாக பார்க்கட்டும். நான் கை என்ன சொன்னது, தாளில் எழுதட்டும். ஒருவர் எழுதியது மற்றவர் பார்க்க வேண்டாம்."

குழுவில் ஒருவர் ஆட்சேபித்ததுபோல் இருந்தது. ஹெப்சிபா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள், வெளியே போனார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. செண்பகம் சுவரோரம் நின்றாள். யாராவது ஒருவர் தப்பாகப் பார்த்திருந்தால்? கேமரா அவள் கையைப் பக்கவாட்டில்தான் பிடித்திருந்தது. வேண்டுமென்றே ஒருவர் மாற்றி எழுதினால்? திரவியம் அந்த ஐந்து பேரில் யாரையாவது முன்கூட்டியே பார்த்துப் பேசியிருந்தால்? வரிசையில் கடைசியாக வந்த சங்கரன்கோவில்காரன் எழுதும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஹெப்சிபா ஐந்து தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.

நிறுத்து. கையை எடு. ஓடு.

நிறுத்து கை எடு ஓடு.

நிறுத்து, கையை எடுத்து விடு, ஓடிப்போ.

மீதி இரண்டிலும் அதேதான். எழுத்துப் பிழைகள் மட்டும் வேறு வேறு.

ஹெப்சிபா தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு துண்டுத்தாளில் எழுதி அவளிடம் நீட்டினார். "முதல் நாள் எங்களிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள்?"

செண்பகம் பலகையில் பெரிதாக எழுதினாள். பொய்.

*

அவள்மேல் தவறில்லை என்று தீர்ப்பானது. திரவியம் பயமுறுத்தியதுபோல் கருவியை நிறுத்தவில்லை. இணக்க நிலை வேண்டுமா, உள்ளபடி வேண்டுமா என்று இனி ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மையத்தில் படிவம் வைத்தார்கள். சற்குணத்தை வாரத்தில் மூன்று நாளைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

படிவங்கள் சேர்ந்த பிறகு செண்பகம் போய்க் கேட்டாள். முப்பத்திரண்டு பேரில் உள்ளபடி கேட்டவர்கள் அவளையும் சேர்த்துப் பதினொரு பேர். மற்றவர்கள் இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். சாட்சி எழுதிய சங்கரன்கோவில்காரனும் அதில் ஒருவன். அவனைத் தேடிப்போய் ஏன் என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருஷம் காது கேக்குறவங்க என்ன சொல்றாங்கன்னு தெரியாம இருந்தேன். நிம்மதியா இருந்தேன்," என்றான். "உனக்குத் தெரியணும்னா தெரிஞ்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

அவனோடு சண்டை போட வழியில்லாமல் திரும்பி வந்தாள். திரவியம் எதிரே வந்தார். எண்ணிக்கை அவருக்கும் தெரியும். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனாள். ஜெசிந்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கதவைத் திறந்த அம்மா அவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கேட்டார். கண்ணாடியில் எழுத்து ஓடியது.

"இவ எதுக்கு வந்தா? எம்பிள்ளை கையைப் பாத்துட்டுப் போகவா?"

இணக்க நிலை வந்த பிறகு அந்தக் கண்ணாடியில் அவள் படித்த முதல் சுடுசொல். வலித்தது. ஆனால் முகமும் எழுத்தும் ஒன்றாக இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் தெரிந்தன. இரண்டு விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விசாரணையில் நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அந்தப் பெட்டியை மாத்தச் சொல்லி மொத மொத எழுதிக் குடுத்தது நாந்தான்."

செண்பகம் எழுத்தைப் பார்த்தாள், ஜெசிந்தாவின் வாயைப் பார்த்தாள், திரும்ப எழுத்தைப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை. இதுவும் கருவியின் வேலையோ? பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "எழுதிக் காட்டு."

ஜெசிந்தா பேனாவை இடது கையில் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. "நாந்தான்."

"ஏன்?"

"உங்க ஆளுங்களுக்குள்ள எனக்கு நீ ஒரு பேரு வச்சிருந்தேல்லா," என்றாள் ஜெசிந்தா. நல்ல கையால் மூக்கைப் பொத்தி, பிறகு மீன் நீந்துவதுபோல் உள்ளங்கையை அசைத்துக் காட்டினாள். "மீன் நாத்தம். எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நாள் வகுப்புல நீ கேட்ட, பெட்டி சத்தமா சொல்லுச்சு. 'மீன் நாத்தம் இன்னைக்கு வரலையா?' நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். அறுபது பேரு சிரிச்சாவ. எங்கப்பா கடலுக்குப் போய்தான் என்னைப் படிக்க வச்சாரு செண்பகம். அன்னைக்கே மையத்துல எழுதிக் குடுத்தேன். இவ நல்லபடியாப் பேச ஏதாவது செய்யுங்க, இல்ல எனக்கு வேற ஆளைப் போடுங்கன்னு. கொஞ்ச நாள்ல நீ மாறிட்ட. அவ்வளவு பிரியமாப் பேசுன. நெசமாவே மாறிட்டேன்னு நெனச்சேன். கையில தீ பிடிச்சப்பகூட பெட்டிமேல சந்தேகம் வரல. விசாரணையில நீ சொன்னதைக் கேட்டப்பதான் தெரிஞ்சுது."

செண்பகத்துக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. கோவில்பட்டியில் அவளுக்கே பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஓட்டைப்பல். யாரும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. தூத்துக்குடி, மீன் என்று விளையாட்டாக வைத்ததுதான். அது ஒருத்தியின் காதில் விழும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு.

கைகளைத் தூக்கினாள்.

"பேரு வச்சது தப்பு. என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். அடிச்சிருக்கலாம். அதை விட்டுட்டு, என்னைக் கேக்காம என் வாயை மாத்தச் சொல்லியிருக்க. ஒன்னரை வருஷம் யார்கிட்டயோ பேசிட்டு இருந்திருக்க. அது நானில்ல. நான் ஓடுன்னு சொன்னேன் ஜெசி. உன் கை போச்சு."

வில்லை எந்தக் குரலில் பேசியதோ அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் கை விழுந்த இடத்திலெல்லாம் அதே நொடியில் ஜெசிந்தாவின் முகம் சுருங்கியது. வாயை மாத்தச் சொல்லியிருக்க என்றபோது கண் தாழ்ந்தது. கை போச்சு என்றபோது உதடு துடித்தது. இத்தனை நாள் பழகியதில் அவள் பேச்சு ஒருத்தியின் முகத்தில் போய்ச் சேர்வதை இப்போதுதான் பார்க்கிறாள். நிறுத்தாமல் பேசினாள். அறிக்கையைப் பற்றி, ஆஸ்பத்திரியில் தட்டிவிட்ட நோட்டைப் பற்றி, வகுப்பில் அறுபது பேர் எதற்குச் சிரித்தார்கள் என்று தன்னிடம் ஒருத்தர்கூடச் சொல்லாததைப் பற்றி.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். செண்பகத்தின் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். ஜெசிந்தா கட்டுப்போட்ட கையைக் குறுக்கே உயர்த்தினாள்.

"சும்மா இரும்மா," என்று கண்ணாடியில் ஓடியது. "அவ பேசி முடிக்கட்டும். எனக்கும் அவகிட்டப் பேச நெறைய இருக்கு."